நீரும் நாடும் ஒரே சொல்: நவீன வியட்நாமிய இயற்கைக் கவிதையில் தனிமையும் தாய்நிலப் பற்றும்

வியட்நாமிய மொழியில் 'நுவொக்' என்னும் ஒரே சொல் தண்ணீரையும் குறிக்கும்; நாட்டையும் குறிக்கும். நாடு என்பதற்கு அன்றாட வழக்கிலுள்ள 'தாத் நுவொக்' என்னும் தொடர் மண்ணும் நீரும் சேர்ந்து ஆனது. செய்யுள் வழக்கில் மலையும் நீரும் என்றோ மலையும் ஆறும் என்றோ இணைத்துச் சொன்னாலும் நாடு என்றே பொருள்படும். திருவள்ளுவர் நாட்டிற்கு உறுப்புகளை எண்ணுமிடத்தில் நீரையும் மலையையும் சேர்க்கிறார். அங்கே அவை நாட்டின் உறுப்புகள். வியட்நாமிய மொழியில் அவையே நாட்டின் பெயர். ஆகவே ஆற்றங்கரையில் தனியே நின்று நீரைப் பாடும் வியட்நாமியக் கவிஞர், எண்ணினாலும் எண்ணாவிட்டாலும், நாட்டின் பெயரையும் உச்சரித்துக்கொண்டிருக்கிறார்.

இம்மொழியியல்பு திறனாய்வாளர்க்கு ஒரு வசதியையும் ஓர் இடரையும் ஒருசேரத் தந்துள்ளது. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் எழுந்த எந்தச் சோகமான ஆற்றுக் கவிதையையும் நாட்டுப்பற்றுக் கவிதை என்று சொல்லிவிட முடிவது வசதி. அவ்வாறு சொன்னவுடன் கவிதையிலுள்ள தனிமை ஒரு முகமூடியாகவும், கழற்றி எறியத்தக்க உறையாகவும் தாழ்ந்துவிடுவது இடர். 1930களின் இறுதியில் எழுந்த இயற்கைக் கவிதைகளில் தனிமை என்பது தாய்நிலப் பற்றை மறைத்து வைத்த திரையா, அப்பற்று அக்காலத்தில் எடுத்திருக்கக்கூடிய ஒரே வடிவமா என்பதே இங்கு ஆராயப்படும் வினா. ஹுய் கானின் 'ட்ராங் ஜாங்' என்னும் 16 அடிக் கவிதை இவ்வாய்வின் மையமாக அமைகிறது; ஏனையவை அதனோடு ஒப்பிட்டு நோக்கப்படுகின்றன.

மலை காத்திருக்க, நீர் திரும்பவில்லை

இரு பொருளும் ஒரு சொல்லில் மோதும் உத்தி நவீனக் கவிஞர்கள் புதிதாகக் கண்டதன்று. 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பா ஹுயென் தான் குவான் என்னும் பெண்பாற் புலவர் ஙாங் கணவாயைக் கடக்கும்போது பாடியதாக வழங்கும் எட்டடிச் செய்யுள் வியட்நாமியர் பலருக்கும் மனப்பாடம். அந்திப்பொழுது, மலை, தொலைவில் சில குடிசைகள், இரண்டு பறவைகளின் குரல். நீர்க்கோழி இனப் பறவையின் பெயரும் நாடு என்னும் சொல்லும் ஒரே ஒலியுடையவை. கௌதாரி இனப் பறவையின் பெயர் வீடு என்னும் சொல்லோடு ஒலியால் ஒத்தது. புலவர் இரண்டையும் பக்கத்திற்பக்கத்தில் வைக்கிறார். வாய்விட்டுப் புலம்புவது பறவைகளே. செய்யுளின் முடிவில் அவர் தம்மோடு தாமே எஞ்சி நிற்கிறார். நாடு, வீடு, தனிமை என்னும் மூன்றும் ஒரே நிலக்காட்சியில் இவ்வாறு முன்னமே இணைந்திருந்தன.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'நாட்டை இழத்தல்' என்னும் தொடர் அரசியல் வழக்காயிற்று. ஃபான் போய் சாவ் 1905இல் எழுதிய வரலாற்று நூலின் தலைப்பே வியட்நாம் நாட்டிழந்த வரலாறு என்பதாகும். அத்தொடரை அப்படியே நீரை இழத்தல் என்றும் கேட்க முடியும். இந்த இரட்டைச் செவியைக் கவிதையாக்கியவர் தான் தா (1889–1939). அவருடைய புனைபெயரே தம் ஊர்ப்பக்கத்து மலையொன்றின் பெயரும் ஆறொன்றின் பெயரும் சேர்ந்து ஆனது. 1920களில் வெளியான அவருடைய 'மலையும் நீரும் செய்த சூளுரை' ஓர் ஓவியத்தைப் பற்றிய கவிதை. மலையும் நீரும் வரைவதென்பது மரபு. அந்த ஓவியத்திலோ மலை இருக்கிறது, நீரைக் காணோம். நீர் சென்றுவிட்டது, மலை காத்திருக்கிறது, நீர் கடலுக்குப் போனாலும் மழையாய் ஊற்றுக்கு மீளும் என்று ஆறுதல் சொல்லப்படுகிறது, மலையடியில் முசுக்கட்டைத் தோட்டங்கள் பசுமையாய் நிற்கின்றன. பிரிந்த காதலர் பாட்டாக இதனைப் படிப்பதற்குத் தடையில்லை. சொல்லின் மறுபொருளை அறிந்தவர்க்கோ நீரில்லாத ஓவியம் என்பது நாடில்லாத நாடு. கடல் முசுக்கட்டைத் தோட்டமாக மாறுதல் என்பது சீன மரபிலிருந்து வியட்நாமியர் பெற்ற உருவகம். உலகம் தலைகீழாகும் பெருமாற்றத்தை அது குறிக்கும்.

தான் தாவிடம் இன்னும் இருவர் உண்டு: மலையும் நீரும். ஒருவர் இல்லாதபோதும் அவரை விளித்துப் பேசலாம். அடுத்த தலைமுறையில் விளிக்கப்படுவதற்கு எவரும் இல்லை.

'நான்' இல்லாத தன்னிலைக் கவிதை

1932 முதல் 1945 வரை நிகழ்ந்த கவிதை இயக்கத்தை வியட்நாமியர் 'தோ மோய்' என்பர். புதுக்கவிதை என்பதே அதன் நேர்ப்பொருள். தமிழில் புதுக்கவிதை என்றவுடன் யாப்பைத் துறந்த கவிதை நினைவுக்கு வரும். வியட்நாமிய இயக்கம் அசை எண்ணிக்கையையும் இயைபையும் பெரிதும் காத்துக்கொண்டது. அது துறந்தது பழஞ்செய்யுளின் பொதுக்குரலை. ஹுவாய் தான் தம் உடன்பிறந்தார் ஹுவாய் சானுடன் தொகுத்து 1942இல் வெளியிட்ட 'வியட்நாமியக் கவிஞர்கள்' என்னும் தொகைநூலின் முகவுரை இவ்வியக்கத்தைப் பற்றிய முதற் பெருந்திறனாய்வு. பழைய காலம் 'தா'வின் காலம், புதிய காலம் 'தொய்'யின் காலம் என்று அவர் பகுத்தார். 'தா' என்பது நான் என்றும் நாம் என்றும் பொருள்படும் சொல். 'தொய்' தனிமனித 'நான்'. அச்சொல்லின் பழம்பொருள் ஏவலன், குடி என்பது. அடியேன் என்னும் தமிழ் வழக்கோடு ஒப்பிடத்தக்கது. அரசன் முன் தாழ்ந்து நின்ற சொல் எவர் முன்னும் நில்லாத தனியனின் சொல்லாக மாறிய வரலாறு அம்மொழியின் நவீனத்துவ வரலாறுதான். (நாம், நாங்கள் என்னும் வேறுபாடு தமிழைப் போலவே வியட்நாமிய மொழியிலும் உண்டு என்பதும், அவ்விரு பன்மைகளும் முறையே 'தா', 'தொய்' என்பவற்றின் மீதே கட்டப்பட்டுள்ளன என்பதும் தமிழ் வாசகர் அறிந்து மகிழத்தக்கவை.)

'நான்' பிறந்த காலத்தின் உச்சப் படைப்புகளுள் ஒன்று என எல்லாரும் ஒப்பும் 'ட்ராங் ஜாங்' கவிதையில் 'தொய்' ஓரிடத்தும் இல்லை. 'தா'வும் இல்லை. 16 அடிகளிலும் தன்மைப் பெயர் எதுவும் வரவில்லை. தனிமையின் பெருங்கவிதை என்று போற்றப்படும் ஒன்றில் தனித்திருப்பவரே இல்லை என்பதைத் திறனாய்வாளர் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஹுய் கான் (1919–2005) ஹா தின் மாநிலத்தைச் சேர்ந்தவர். ஹனோயில் வேளாண்மை பயின்றவர். 1939இல், 20 வயதில், நகருக்கு மேற்புறம் செம் என்னும் துறையில் செவ்வாற்றைக் கண்டு எழுதிய கவிதை இது. 1940இல் வெளியான 'புனிதத் தீ' தொகுப்பில் இடம்பெற்றது. நீளாறு என்று பொருள்படும் தலைப்பில் வழக்கமான 'ட்ருவோங்' என்னும் ஒலிப்பை விட்டு 'ட்ராங்' என்பதை அவர் தேர்ந்தார். சீனப் பேராற்றின் பெயரோடு குழம்பாமல் விலகியதோடு, அடுத்தடுத்து வரும் இரண்டு நீண்ட ஒலிகள் ஆற்றின் அகலத்தைச் செவிக்குத் தருகின்றன.

கவிதையின் காட்சிப்பொருள்கள் எளியவை. அலைகள். துடுப்பை நீரோட்டத்தின் போக்கில் விட்டுச் செல்லும் ஒரு படகு. பல ஓட்டங்களுக்கிடையே வழிதவறிய காய்ந்த விறகுக் கிளை. சிறு மணல்திட்டில் மெல்லிய காற்று. மாலைச் சந்தை கலையும் ஒலி. அவ்வொலி எங்கோ கேட்கிறது என்றும் எங்கே கேட்கிறது, கேட்கவில்லையே என்றும் இருவகையாகப் பொருள்கொள்ள இலக்கணம் இடம்தருகிறது. வெயில் இறங்க வானம் மேலேறுகிறது. அந்த உயரம் ஆழமாகத் தோன்றுகிறது. வரிசை வரிசையாக மிதந்து போகும் நீர்ப்பாசி. வெள்ளி மலைகளாய்க் குவியும் மேகம். சிறகு சாய்த்த ஒரு சிறு பறவை. அதன் மீது சரியும் அந்தி. மரபுக் கவிதையின் பைன் மரமும் நாணலும் இருந்திருக்க வேண்டிய இடத்தில் விறகுக் கிளையை வைத்தது துணிவான செயல். அடுப்புக்குப் போயிருக்க வேண்டிய பொருள் ஆற்றில் போகிறது.

இக்காட்சிப் பட்டியலைவிட நுட்பமானது இல்லாதவற்றின் பட்டியல். கவிதையின் பிற்பாதியில் 'இல்லை' என்னும் சொல் மூன்று முறை வருகிறது: கரைக்குக் கரை கடக்கும் ஓடம் இல்லை, பாலம் இல்லை, இறுதியில், அந்திப்புகை இல்லை. மூன்றும் மனிதரை மனிதரோடு சேர்ப்பவை. முதலிரண்டும் இரு கரைகளை இணைப்பவை என்பது வெளிப்படை. மூன்றாவது 8ஆம் நூற்றாண்டுச் சீனக் கவிஞர் சுய் ஹாவ் மஞ்சள் நாரை மாடத்தில் பாடிய புகழ்பெற்ற செய்யுளை எதிர்கொள்கிறது. அந்தியில் ஆற்றின் மேல் படர்ந்த பனிப்புகையைக் கண்டு தம் ஊர் எங்கே என ஏங்கியவர் அவர். தான் தா அச்செய்யுளை மொழிபெயர்த்திருந்தமையால் அக்கால வாசகர்க்கு அது அணுக்கமானது. ஹுய் கான் ஆற்றில் புகை இல்லை. இருந்தும் வீட்டு நினைவு வருகிறது. சீனப் புலவர்க்கு ஏக்கம் பிறக்க ஒரு தூண்டல் வேண்டியிருந்தது. இவ்விளைஞர்க்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை. 'புகை' என்பதற்கு அவர் ஆண்ட சொல் பனிமூட்டத்தோடு நில்லாமல் அடுப்புப் புகையையும் நினைவூட்டுவது. விறகுக் கிளை ஆற்றோடு போன கவிதையில் அடுப்பு எரியாததில் வியப்பில்லை.

பாலம் இல்லை என்னும் கூற்றும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. செம் துறைக்குக் கீழே, ஹனோய் நகரில், அதே செவ்வாற்றின் மீது 1902இல் திறக்கப்பட்ட மாபெரும் இரும்புப் பாலம் நின்றது. தலைமை ஆளுநராயிருந்த போல் தூமேர் பெயரை அது தாங்கியிருந்தது. அந்தப் பாலத்தை மறுத்தே கவிஞர் எழுதினார் என்பது மிகை. ஆயினும் நெருக்கத்தை நினைவூட்டும் பாலம் எதுவுமில்லை என்று அவர் சொல்லும்போது, கண்ணுக்குத் தெரிந்த பாலம் நெருக்கத்தின் கணக்கில் சேரவில்லை என்பதை அக்கால ஹனோய் வாசகர் உணராமலிருந்திருக்க முடியாது.

தமிழ்த் திணைக் கோட்பாட்டின் துணைகொண்டு இதனை நெய்தல் எனப் பெயரிடும் விருப்பம் இயல்பாக எழும். பெருநீர், எற்பாடு, இரங்கல் யாவும் பொருந்துகின்றன. தொல்காப்பிய உரியியல் புலம்பு என்னும் சொல்லுக்குத் தனிமை என்றே பொருள் கூறுவதும் நெய்தல் தலைவன் புலம்பன் எனப்படுவதும் இவ்விருப்பத்தை வலுப்படுத்தும். எனினும் இப்பொருத்தம் பாதிவழியிலேயே நின்றுவிடுகிறது. அகப்பாட்டில் தனித்திருப்பவள் ஒருத்தி உண்டு; அவள் பேச்சைக் கேட்கத் தோழி உண்டு; தோழி இல்லாவிடின் நாரையோ கடலோ கேட்கும். உரிப்பொருள் என்பது யாரோ ஒருவர்க்கு உரிய பொருள். 'ட்ராங் ஜாங்'கில் முதலும் கருவும் நிறைவாக இருக்க, உரிமை கொண்டாட எவருமில்லை. இரங்கல் இருக்கிறது, இரங்குபவர் பெயர் சொல்லப்படவில்லை.

பெயர் சொல்லாத இந்நிலையே கவிதையின் அரசியல் என்பது இக்கட்டுரையின் துணிபு. செவ்வாற்றங்கரையில் நின்றவர் அயல்நாட்டில் நிற்கவில்லை. தம் மொழி பேசப்படும் மண்ணில், தம் நாட்டின் பேராறுகளுள் ஒன்றன் கரையில் நின்றுகொண்டு வீட்டை நினைத்து ஏங்குகிறார். ஹா தின்னில் உள்ள பெற்றோர் வீடு என்று அதைச் சுருக்கினால் கவிதை ஒரு மாணவரின் விடுமுறை ஏக்கமாகிவிடும். கவிதையின் இறுதியில் ஊர் என்னும் சொல்லும் நீர் என்னும் சொல்லும் வீடு என்னும் சொல்லும் அடுத்தடுத்து வருகின்றன. நாடு என்னும் பொருளில் எந்தச் சொல்லும் வரவில்லை. மூன்று சொற்களும் அதைச் சுற்றி நிற்கின்றன. வீடு இருக்கும் இடத்திலேயே வீடற்றிருத்தல் என்பது அடிமை நாட்டில் வாழ்பவரின் நிலை. அந்நிலையில் 'நான்' என்று சொல்வது பொய்; 'நாம்' என்று சொல்வதற்கு உரிமை இல்லை. எனவே இரண்டும் விடுபட்டன.

புலம்பெயர் தமிழ்க் கவிதையைப் பற்றிய திறனாய்வில் தாய்நில ஏக்கத்தைத் தொலைவின் விளைவாகக் காண்பது பெருவழக்கு. பனியும் குளிரும் அயல்மொழியும் ஏக்கத்தின் காரணங்களாக எண்ணப்படுகின்றன. ஊரைவிட்டு ஓரடியும் நகராதவர்க்கும் ஊர் தொலைந்துபோகக் கூடும் என்பதை இந்த வியட்நாமியக் கவிதை அளவீட்டுக்குள் கொண்டுவருகிறது.

வழி திறந்த கவிதையா?

ஹுய் கானின் நெருங்கிய நண்பரும் தாமே பெருங்கவிஞருமான சுவான் ஜியூ (1916–1985), மலையையும் ஆற்றையும் பாடிய இக்கவிதை தாய்நாட்டின் மீதான அன்புக்கு வழியைத் துப்புரவாக்கித் தந்தது எனப் பிற்காலத்தில் மதிப்பிட்டார். இம்மதிப்பீடு பள்ளி வகுப்பறைவரை பரவியது. அதன் பின்னணியைக் கருத வேண்டும். 1945க்குப் பின்னர் வடக்கில் 'தோ மோய்' இயக்கம் நலிந்த உள்ளத்தின், போராட்டத்திலிருந்து ஒதுங்கியவர்களின் கவிதை என்னும் கண்டனத்திற்குப் பல்லாண்டுகள் உள்ளாயிற்று. 1986இல் தொடங்கிய சீர்திருத்தக் காலத்திற்குப் பின்னரே அதற்கு முழுமையான மறுமதிப்பு கிடைத்தது. மௌனமான நாட்டுப்பற்று என்னும் விளக்கம் இடைக்காலத்தில் அக்கவிதைகளுக்குக் கிடைத்த வழிச்சீட்டாகப் பயன்பட்டது. கவிதையைக் காத்த விளக்கம் என்ற முறையில் அதற்கு நன்றி உரியது. கவிதைக்குரிய விளக்கம் என்ற முறையில் அது போதாது. வழியைத் துப்புரவாக்குதல் என்னும்போது, சேருமிடம் வேறொன்று என்றும், தனிமை கடந்து போகத்தக்க ஒரு தெரு என்றும் பொருள்படுகிறது.

ஹுவாய் தான் 1942இலேயே இதனினும் கூர்மையாகச் சொன்னார். தம் காலக் கவிஞர்கள் தங்கள் துயர் முழுவதையும் தாய்மொழியிடம் ஒப்படைத்தார்கள், முன்னோரின் இன்பதுன்பங்களைப் பங்கிட்டுக்கொண்ட மொழியை அளவிறந்து நேசித்தார்கள் என்பது அவர் கருத்து. இவ்வாறு நோக்கினால் நாட்டுப்பற்றைக் கவிதையின் கருத்தில் துழாவ வேண்டியதில்லை. நீர் என்னும் சொல் எவ்வளவு கனத்துடன் வைக்கப்பட்டுள்ளது என்பதைக் கவனித்தாலே போதும். தணிக்கை செய்யும் அலுவலர் நீரைத் தடைசெய்ய இயலாது.

பிறர் ஊர், பிறர் நாடு

அதே ஆண்டுகளில் வேறு இருவர் இவ்வேக்கத்தை மேலும் விலக்கி வைத்தனர். ஹான் மாக் து (1912–1940) தொழுநோய்க்கு ஆட்பட்டு குய் ஹோவா மருத்துவ நிலையத்தில் 28 வயதில் இறந்தவர். ஹுவே நகரின் நறுமண ஆற்றை ஒட்டிய வீ ஜா என்னும் சிற்றூரைப் பற்றி 1938இல் அவர் எழுதிய கவிதைக்கு, அவ்வூரிலிருந்து வந்த ஓர் அஞ்சலட்டைப் படம் தூண்டுதலாயிற்று என்பர். அது அவர் பிறந்த ஊரன்று. இளவெயிலில் பாக்கு மரங்களும் பச்சைமணி போன்ற தோட்டமும் முதலில் தோன்றுகின்றன. அடுத்துக் காற்று ஒரு வழியும் மேகம் ஒரு வழியுமாகப் பிரிகின்றன. ஆறு நிலவொளி ஆறாகிறது. இறுதியில் எல்லாம் மூடுபனியில் மங்குகின்றன. மூன்று பத்திகள், ஒவ்வொன்றிலும் ஒரு வினா; எவற்றுக்கும் விடையில்லை. இதனை நாட்டுப்பற்றுக் கவிதை எனல் வலிந்துரை. திரும்பிச் செல்ல இயலாத நோயாளர் ஒருவர், உலகின் அழகுக்கெல்லாம் ஒரு சிற்றூரைப் பெயராக வைத்துக்கொண்டார் என்பதே பொருந்தும்.

சே லான் வியெனின் (1920–1989) நிலை சிக்கலானது. 17 வயதில், 1937இல், அவர் வெளியிட்ட 'பாழ்' என்னும் தொகுப்பு சம்பா அரசின் வீழ்ச்சியைப் புலம்புகிறது. இளமையில் அவர் வாழ்ந்த பின் தின் பகுதியில் சாம் மக்களின் செங்கற்கோபுரங்கள் குன்றுதோறும் நிற்கின்றன. சிவலிங்க வழிபாடும் வடமொழிக் கல்வெட்டுகளும் உடைய அப்பண்பாடு தமிழ் ஆய்வாளர்க்கு அயலானதன்று. அங்கிருந்த விஜய நகரம் 1471இல் வியட்நாமிய அரசரின் படையால் அழிந்தது. வென்றவர்களின் வழித்தோன்றல் தோற்றவர்களின் குரலில் அழுகிறார். தம் நாட்டின் அடிமைநிலையைச் சொல்ல வேறொரு நாட்டின் சாவைக் கடன் வாங்கினார் என்று இதனைப் பாராட்டுவர். பாராட்டு நியாயமே. ஆனால் அக்கவிதைகளில் சாம் மக்கள் பேய்களாகவும் எலும்புகளாகவும் மட்டுமே வருகின்றனர்; தெற்கே நின் துவான், பின் துவான் பகுதிகளில் அன்றும் உழுதும் நெய்தும் வாழ்ந்த சாம் மக்களுக்கு அவற்றில் இடமில்லை. தாய்நிலப் பற்று தன் துயரைப் பாட மற்றொருவரின் துயரை முற்றுப்பெற்றதாக அறிவிக்க வேண்டியிருந்தது.

தமிழரும் இக்காலத்தின் பார்வையாளராக மட்டும் இருந்ததில்லை. சைகோனில் மாரியம்மன் கோயிலைச் சூழ்ந்து வாழ்ந்த தமிழருள், பிரெஞ்சுக் குடியுரிமையோடு அரசுப் பணியில் அமர்ந்த புதுச்சேரி, காரைக்கால் மக்களும் கிட்டங்கி நடத்திக் கடன் கொடுத்த நகரத்தாரும் இருந்தனர். வியட்நாமியக் கவிஞர் பெயர் சொல்லத் தயங்கிய நாட்டில் அவர்களுட் பலர் ஆள்வோர் பக்கத்து வரிசையில் வைத்து எண்ணப்பட்டனர்.

வீடான கடலும் பிளவுண்ட ஆறும்

1945 ஆகஸ்டுப் புரட்சி ஹுய் கானின் வாழ்வை மாற்றியது. ஹுவே அரண்மனையில் பாவோ தாய் மன்னர் முடிதுறந்தபோது அதனை ஏற்கச் சென்ற மூவருள் அவரும் ஒருவர், பின்னர் அமைச்சரானார். 1958இல் ஹா லோங் விரிகுடாப் பகுதியில் அவர் எழுதிய 'மீன்பிடி படகுகள்' கவிதையும் அந்தியிலேயே தொடங்குகிறது. கதிரவன் தீப்பந்தாய்க் கடலில் இறங்குகிறான். இரவு கதவைச் சாத்த, அலைகள் தாழிடுகின்றன. கடல் ஒரு வீடு. 1939இல் எங்கும் காணக்கிடைக்காத வீடு 1958இல் அடிவானம் அளவுக்கு விரிந்துவிட்டது. மீனவர் பாடிக்கொண்டு செல்கின்றனர். 'தா' என்னும் பன்மை தடையின்றி வருகிறது. கடல் தாயைப் போல் ஊட்டுகிறது. விடியலில் படகுகள் கதிரவனோடு போட்டியிட்டுக் கரை மீள்கின்றன. ஓசைநயம் மிக்க நல்ல கவிதை இது. ஆயினும் முன்னைய கவிதையின் மூன்று 'இல்லை'களுக்கும் இது விடை அளித்தது என்னும் வழக்கமான கூற்று ஏற்புடையதன்று. அவ்வினாக்கள் இங்கு எழுப்பப்படவே இல்லை. கடலில் தனியே எவரும் நிற்காதபோது தனிமை தீர்ந்தது என்பதைவிட விலக்கப்பட்டது என்பதே சரி.

விலக்கப்பட்டது வேறிடத்தில் வெளிப்பட்டது. 1954 ஜெனீவா உடன்பாட்டினால் பென் ஹாய் ஆறு நாட்டின் நடுக்கோடாயிற்று. தெற்கே குவாங் ஙாய் பகுதியில் பிறந்து வடக்கே வந்து சேர்ந்த தே ஹான் (1921–2009), 1956இல் தம் ஊராற்றை நினைத்துப் பாடினார். மூங்கில்கள் முகம்பார்க்கும் தெளிந்த நீர், நண்பகல் வெயில், நீந்திய சிறுவர்கள் எனக் காட்சிகள் கலங்கலின்றி வருகின்றன. 'தொய்' தயங்காமல் பேசுகிறது. படிப்பவரை உடனே தொடும் கவிதை. இவ்வேக்கத்திற்கு முகவரி உண்டு, திசை உண்டு, எதிர்காலத்தில் ஒரு நாளும் உண்டு. அதனாலேயே 'ட்ராங் ஜாங்' எழுப்பும் திகைப்பு இதில் இல்லை.

தெற்கிலிருந்து வந்த குரல் வேறு. தென் வியட்நாமியப் படையில் அதிகாரியாயிருந்த தோ துய் யென் (1938–2019) 1974இல் ஸ்ப்ராட்லி தீவுகளைப் பற்றி எழுதினார். நாட்டின் மிகத் தொலைந்த விளிம்பில் காவல் நிற்கும் ஒரு சில வீரர்கள். இரவில் படுத்தால் தீவே மிதந்து போவதாக அவர்களுக்குத் தோன்றுகிறது. நீர் என்றால் நாடு என்னும் மொழியில், நீரின் நடுவே நாடு நங்கூரம் அறுந்து போகிறது. மறு ஆண்டே அவருடைய அரசு இல்லாமற்போயிற்று. அவர் சீர்திருத்த முகாம்களில் பத்தாண்டளவு அடைபட்டார்.

1985இல் விடுதலையானபின் எழுதிய நெடுங்கவிதைக்கு 'தா வே' என்று பெயரிட்டார். திரும்புகிறேன் என்றும் திரும்புகிறோம் என்றும் அதனை மொழிபெயர்க்கலாம். அடிக்கு ஏழசை, பத்திக்கு நான்கடி. ஹுய் கானின் 'ட்ராங் ஜாங்' அமைந்த அதே யாப்பு. பத்திதோறும் தலைப்பின் அவ்விரு சொற்களே பெரும்பாலும் முன்வந்து நிற்கின்றன. 1942இல் ஹுவாய் தான் கடந்த காலத்துக்கு உரியதென ஒதுக்கிய 'தா', 1958இல் மீனவர் கூட்டத்தின் வாயில் ஒலித்த 'தா', இங்கே ஒற்றை மனிதரின் வாய்க்கு வந்து சேர்கிறது. பழைய பன்மையின் எதிரொலி அதிலிருந்து நீங்கவும் இல்லை. திரும்பியவரை வரவேற்க ஊரில் பெரிதாக எதுவுமில்லை. பூத்திருக்கும் மலருக்கு, தமக்காகப் பூத்ததென்று, அவர் நன்றி சொல்கிறார். ஒவ்வொன்றும் தனித்திருப்பதிலிருந்தே உலகின் மகிழ்ச்சி எழக் காண்கிறார். 1939இல் வெறுமையாயிருந்த தனிமை இங்கே ஒன்றை ஒன்று அடையாளம் கண்டுகொள்ளும் தகுதியாக மாறியிருக்கிறது. முகாமில் பத்தாண்டு இழந்தவரிடமிருந்து வருவதால் இது இனிப்புரையாகத் தோன்றவில்லை.

அக்கவிதையில் ஓர் அடுப்பும் எரிகிறது. அதனை அவர் தம் வீட்டு அடுப்பு என்னாமல் மனிதக் கூட்டத்தின் அடுப்பு என்கிறார். அதன் சூட்டில் அமர்ந்து, கொஞ்சம் மதுவை நிலத்தில் வார்க்கிறார். தான் தாவின் ஓவியத்தில் நீர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வளர்ந்து நின்ற அந்த முசுக்கட்டைத் தோட்டம் இங்கே மீண்டும் வருகிறது: கடல் தோட்டமான அப்பெருமாற்றத்தில் தீராமல் நின்ற மனக்குறைகள் ஆறுவதற்காகவே அந்த வார்ப்பு. எத்தரப்பினரின் மனக்குறை என்று கவிதை பிரித்துச் சொல்லவில்லை.